வேலையில் சேரும்போது சொந்தப் பிரச்சினையைச் சொல்வது: எதை, எப்போது, எந்த வார்த்தையில்

ஆஃபர் லெட்டர் வந்த அன்று ராத்திரி நிறைய பேருக்குத் தூக்கம் வருவதில்லை. அம்மாவுக்கு டயாலிசிஸ் ஓடுகிறது, சொன்னால் வேலை போய்விடுமா? மூன்று மாதக் கர்ப்பம், மறைத்தால் தப்பா? கல்லூரிக் காலத்தில் ஒரு கேஸ் இருந்தது, ஃபாரத்தில் அந்தக் கட்டத்தை என்ன செய்வது? வீட்டில் ஒருவர் “எல்லாத்தையும் சொல்லிடு” என்பார், இன்னொருவர் “வாயே திறக்காதே” என்பார். இரண்டுமே பாதிப் பதில்தான். என்ன கேட்டார்கள், எந்த வேலை, எந்தக் கட்டத்தில் இருக்கிறீர்கள் என்று பார்த்துத்தான் முடிவெடுக்க முடியும்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். உங்கள் கஷ்டத்தின் பெயர் கம்பெனிக்குத் தேவையில்லை. அதனால் எந்த நாள், எத்தனை மணி நேரம், எந்த வேலை பாதிக்கப்படும் என்பதுதான் தேவை. நேர்மை என்பது இந்தக் கணக்கைச் சரியாகக் கொடுப்பதும், எழுத்தில் கேட்டதற்குப் பொய் எழுதாமல் இருப்பதும்தான். டாக்டரிடம் சொன்னதையெல்லாம் ஹெச்.ஆரிடமும் சொல்ல வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்க முடியாது.

படி 1: வாயைத் திறக்கும் முன் ஒரு தாளில் கணக்குப் போடுங்கள்

தாளை நான்கு பத்தியாகப் பிரியுங்கள். பிரச்சினை, அதற்கு மாதத்தில் தேவைப்படும் நாளும் மணியும், எதுவரை நீடிக்கும், நீங்கள் இல்லாத நேரத்தை எப்படி ஈடுகட்டுவீர்கள்.

அம்மாவின் டயாலிசிஸையே எடுத்துக்கொள்வோம். பெரும்பாலும் வாரத்துக்கு 2 அல்லது 3 முறை, ஒவ்வொரு முறையும் சுமார் 4 மணி நேரம். செவ்வாய், வியாழன், சனி காலை 6 மணி ஸ்லாட் என்று வைத்துக்கொள்ளுங்கள். செவ்வாயும் சனியும் தம்பி கூட்டிப்போவான், வியாழன் உங்கள் முறை. 10 மணிக்கு முடிந்து, ஊசி குத்திய இடத்தில் ரத்தம் நின்று, வீட்டில் விட்டுவிட்டு வர 11 ஆகும். ஆக, கம்பெனியிடம் கேட்க வேண்டியது ஒரே ஒரு விஷயம்: வியாழக்கிழமைகளில் 9க்குப் பதில் 11 மணிக்கு வருவது.

இந்தக் கணக்கைப் போடாமல் “அம்மாவுக்கு உடம்பு சரியில்லை சார், அப்பப்ப லீவு வேணும்” என்று சொல்பவர்கள்தான் அதிகம். கேட்பவர் காதில் அது “எப்போ வருவார், எப்போ வரமாட்டார்னு தெரியாது” என்றுதான் விழும். வாரத்துக்கு 2 மணி நேரம் என்பதைத் தள்ளிவிடுவது அவருக்குக் கஷ்டம். “அப்பப்ப” என்பதைத் தள்ளிவிடுவது சுலபம்.

இரண்டாவது பத்தி காலியாக இருந்தால், அந்தப் பிரச்சினையைச் சொல்ல வேண்டியதே இல்லை. விவாகரத்து, சாதி மாறிய கல்யாணம், தைராய்டு மாத்திரை, அப்பாவின் குடி, எப்போதோ வந்து குணமான நோய் எல்லாம் வேலை நேரத்தைத் தொடாதவரை உங்கள் வீட்டு விஷயம்.

படி 2: எழுத்தில் கேட்டால் பொய் எழுதாதீர்கள்

சேரும் நாளில் நீட்டப்படும் ஃபாரங்களில் பொதுவாக ஒரு வரி இருக்கும்: கொடுத்த தகவல் தவறு என்று பின்னால் தெரியவந்தால் முன்னறிவிப்பின்றி நீக்கலாம். வேலை போவது பெரும்பாலும் பிரச்சினையால் அல்ல, இந்த வரியால்தான். மூன்று வருடம் கழித்து வேறு ஏதோ மனஸ்தாபத்தில் பழைய ஃபாரத்தைத் தூசி தட்டி எடுப்பார்கள்.

அரசு வேலையில் வழக்கு விவரத்தை மறைத்தால் என்ன என்பதற்கு, உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு 2016இல் அவதார் சிங் வழக்கில் வழிமுறைகள் வகுத்தது. சாரம் இது. கேட்ட தகவல் உண்மையாக இருக்க வேண்டும். சின்ன வயதில் கோஷம் போட்டது போன்ற அற்ப வழக்கை மறைத்திருந்தால் அதை மன்னிக்க நிர்வாகத்துக்கு இடம் உண்டு. உண்மையைச் சொன்ன பிறகும் ஆளின் பின்னணியைப் பரிசீலிக்க நிர்வாகத்துக்கு உரிமை உண்டு. நமக்கு மிக உதவும் இன்னொன்றும் அதில் உண்டு: ஃபாரத்தில் உள்ள கேள்வி தெளிவாக இருக்க வேண்டும், குறிப்பாகக் கேட்கப்பட்டதை மட்டும்தான் சொல்லக் கடமை.

அதனால் கேள்வியை வார்த்தை வார்த்தையாகப் படியுங்கள். “தண்டனை பெற்றதுண்டா?” என்பது ஒரு கேள்வி. “எப்போதாவது கைது செய்யப்பட்டதுண்டா, வழக்குப் பதிவானதுண்டா?” என்பது முற்றிலும் வேறு கேள்வி. விடுதலையான வழக்கு முதல் கேள்விக்கு “இல்லை”, இரண்டாவதற்கு “ஆம்”. “ஆம்” என்றால் குற்ற எண், காவல் நிலையம், சட்டப் பிரிவு, வழக்கின் இன்றைய நிலை ஆகியவற்றை எழுதி, தீர்ப்பின் சான்றளிக்கப்பட்ட நகலை இணையுங்கள். உங்கள் பெயரில் ஏதாவது இருக்கிறதா என்றே தெரியவில்லை என்றால், நீதிமன்ற வழக்கு விவரங்கள் இருக்கும் இ-கோர்ட்ஸ் இணையதளத்தில் பெயரைப் போட்டு முன்பே தேடிப்பாருங்கள்.

கேட்கவே கூடாத கேள்விகளும் உண்டு. எல்.ஐ.சி.யில் சேர்ந்த நீரா மாத்தூரிடம் மாதவிடாய் எப்போது வந்தது, முன்பு எத்தனை முறை கருவுற்றார் என்றெல்லாம் உறுதிமொழிப் படிவத்தில் கேட்டிருந்தார்கள். தவறான விவரம் கொடுத்ததாகச் சொல்லி, தகுதிகாண் காலத்திலேயே வேலையை விட்டு நீக்கினார்கள். 1991இல் உச்ச நீதிமன்றம் அவரை மீண்டும் வேலையில் சேர்க்க உத்தரவிட்டு, அந்தக் கேள்விகளையே நீக்கச் சொன்னது. எச்.ஐ.வி. பரிசோதனையை வேலைக்கு நிபந்தனையாக வைப்பதை, 2018 செப்டம்பரில் அமலுக்கு வந்த எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டம் தடை செய்கிறது. அந்த நிலையை வெளியிடச் சொல்லி வேலைக்காக யாரும் கட்டாயப்படுத்த முடியாது. இப்படிப்பட்ட கட்டம் எதிர்ப்பட்டால் பொய் எழுதுவதைவிடக் கோடு போட்டு விடுவது நல்லது. கேட்டால் “இது வேலைக்குச் சம்பந்தமில்லாத கேள்வி என்று நினைக்கிறேன்” என்று மரியாதையாகச் சொல்லுங்கள்.

படி 3: கேட்காவிட்டாலும் சொல்லியே ஆக வேண்டியது

இன்னொருவர் உயிரோ உங்கள் உயிரோ அந்த வேலையில் தொங்குகிறது என்றால் மறைக்க இடமே இல்லை. வலிப்பு உள்ளவர் டிரைவர், கிரேன் ஆபரேட்டர், உயரத்தில் வெல்டிங் வேலைக்குச் சேர்வது, அடிக்கடி சர்க்கரை இறங்குபவர் தனியாக இரவுக் காவலுக்குப் போவது, நிறக்குருடு உள்ளவர் மின்கம்பி வேலை எடுப்பது எல்லாம் இதில் வரும். ஓட்டுநர் உரிமத்துக்கான உடல்தகுதி உறுதிமொழியிலேயே வலிப்பு, திடீர் மயக்கம், தலைசுற்றல் உண்டா என்று கேட்கிறார்கள். அங்கே பொய் சொல்லி வாங்கிய உரிமத்தோடு விபத்து நடந்தால், கம்பெனி, இன்சூரன்ஸ், நீதிமன்றம் என்று ஒரு இடத்திலும் உங்கள் பக்கம் நிற்க ஆள் இருக்காது.

சொல்வது வேலையை விடுவது என்று ஆகாது. அதே ஆலையில் தரைமட்ட வேலை, ஸ்டோர்ஸ், தரச் சோதனை என்று மாற்றிக் கேட்கலாம்.

படி 4: எந்த நேரத்தில் சொல்வது

விண்ணப்பத்தில் எதுவும் வேண்டாம். நேர்காணலுக்கே சக்கர நாற்காலிச் சரிவு, சைகை மொழிபெயர்ப்பாளர் போன்ற ஏற்பாடு தேவையென்றால் அதை மட்டும் கேளுங்கள்.

நேர்காணலில், அந்த வேலையின் அடிப்படை நிபந்தனையே உங்களால் முடியாது என்றால் மட்டும் சொல்லுங்கள். இரவு ஷிப்ட் கட்டாயம் என்கிறார்கள், உங்களால் எந்த மாதமும் முடியாது என்றால் இரண்டு பேர் நேரத்தையும் வீணாக்க வேண்டாம்.

மிகச் சரியான இடம், ஆஃபர் எழுத்தில் கைக்கு வந்த பிறகு, பழைய வேலையை ராஜினாமா செய்வதற்கு முன். அதற்கு முன்பு சொன்னால், காரணமே சொல்லாமல் வேறு ஆளை எடுத்துவிடலாம், உங்களால் எதையும் நிரூபிக்க முடியாது. சேர்ந்த மறுவாரம் சொன்னால் “தெரிஞ்சே மறைச்சுட்டு வந்துட்டார்” என்ற பேச்சு வரும், கையில் பழைய வேலையும் இருக்காது. நடுவில் இருக்கும் அந்த நான்கைந்து நாளில் சொல்லிவிட்டால், அவர்கள் மறுத்தாலும் உங்களுக்குப் பழைய வேலை இருக்கிறது.

பிற்பாடு வரும் பிரச்சினை, சேர்ந்த பிறகு கண்டுபிடித்த நோய், இவற்றில் மறைத்தல் என்ற பேச்சே இல்லை. தெரிந்ததும் சொன்னால் போதும்.

படி 5: சொல்லும் விதம்

போனில் பேசுங்கள், அன்றே மெயிலில் உறுதி செய்யுங்கள். வாய்ப்பேச்சை ஒத்துக்கொண்ட மேனேஜர் ஆறு மாதத்தில் வேறு கம்பெனிக்குப் போய்விடுவார். புதிதாக வருபவருக்குக் காட்ட ஒரு எழுத்து வேண்டும். டயாலிசிஸ் உதாரணத்துக்கு மெயில் இப்படி இருக்கலாம்:

“வணக்கம். ஜூன் 16 அன்று நான் சேரவிருக்கும் பணி தொடர்பாக ஒரு விவரத்தை முன்கூட்டியே தெரிவிக்கிறேன். என் குடும்பத்தில் ஒருவருக்குத் தொடர் சிகிச்சை நடக்கிறது. அதனால் வியாழக்கிழமைகளில் மட்டும் காலை 11 மணிக்கு வந்து இரவு 8 மணி வரை வேலை செய்ய அனுமதி கேட்கிறேன். மற்ற நாட்களில் வழக்கமான நேரம். வியாழன் காலை அவசரம் என்றால் போனில் கிடைப்பேன். இதற்கு உங்கள் ஒப்புதலை இந்த மெயிலுக்குப் பதிலாக அனுப்பினால் நன்றியுடையவனாக இருப்பேன்.”

நோயின் பெயர் இல்லை. யாருக்கு என்பதும் இல்லை. மன்னிப்பு கேட்கவில்லை, அழவும் இல்லை. மெயிலை ஆங்கிலத்தில் அனுப்பினாலும் இதே வரிசையில் எழுதுங்கள்: என்ன நடக்கிறது என்று ஒரு வரி, என்ன வேண்டும் என்று ஒரு வரி, எது மாறாது என்று ஒரு வரி.

டாக்டர் கடிதம் கேட்டால் அதிலும் நோயின் பெயர் வர வேண்டியதில்லை. “என்னிடம் சிகிச்சையில் இருக்கிறார், பணிக்குத் தகுதியானவர், அடுத்த 6 மாதம் இரவுப் பணியைத் தவிர்க்கவும்” என்று எழுதித்தரச் சொல்லுங்கள். மனநல சிகிச்சையில் இருப்பவர்களுக்கு இது ரொம்ப முக்கியம். சிகிச்சை விவரத்தின் ரகசியத்தை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் உரிமையாகவே தருகிறது. வேலைக்கான மருத்துவப் பரிசோதனையில் சிறுநீர்ச் சோதனை உண்டு என்றால், தூக்கத்துக்கோ பதற்றத்துக்கோ எடுக்கும் சில மாத்திரைகள் அதில் போதைப்பொருள் போலக் காட்டும். மருந்துச் சீட்டை எடுத்துப்போய், பரிசோதிக்கும் டாக்டரிடம் மட்டும் காட்டுங்கள்.

ஜவுளிக்கடை, பாத்திரக்கடை, ஒர்க்‌ஷாப் போன்ற இடங்களில் ஹெச்.ஆரும் இல்லை, மெயிலும் இல்லை. அங்கே முதலாளியை வியாபாரம் இல்லாத மத்தியான நேரத்தில், கல்லாவில் தனியாக இருக்கும்போது பிடியுங்கள். “அண்ணாச்சி, சேர்றதுக்கு முன்னாடியே ஒண்ணு சொல்லிடறேன். மாசத்துல ரெண்டாவது புதன்கிழமை பாப்பாவைப் பெரியாஸ்பத்திரியில காட்டணும். அன்னிக்கு மட்டும் மத்தியானம் ரெண்டு மணிக்கு வந்துடுவேன். தீபாவளிக்கு முந்தின மூணு வாரம் தேதியை மாத்தி வாங்கிக்கறேன்.” கடைக்குத் தீபாவளி எவ்வளவு முக்கியம் என்று நீங்களே உணர்ந்து சொன்னதுதான் அவரைச் சரி சொல்ல வைக்கும். பிறகு ஒரு வாட்ஸ்அப் செய்தி: “நீங்க சொன்னபடி ரெண்டாவது புதன் ரெண்டு மணிக்கு வரேன் அண்ணாச்சி.” அதுவே உங்கள் எழுத்து.

முதுகுவலி, கால் நரம்புச் சுருட்டல் உள்ளவர்கள் கடையில் உட்கார இடம் கேட்கத் தயங்குகிறார்கள். 2021இல் தமிழ்நாடு கடைகள் சட்டத்தில் செய்த திருத்தத்தின்படி எல்லா ஊழியர்களுக்கும் இருக்கை தர வேண்டும். அது சலுகை இல்லை, தாராளமாகக் கேளுங்கள்.

இன்னொன்று. கஷ்டத்தைச் சொல்லும் அதே பேச்சில் அட்வான்ஸ் கேட்காதீர்கள். கஷ்டம் சொன்னது பணத்துக்காகத்தான் என்று ஆகிவிடும். அட்வான்ஸுக்கு ஈடாக ஒரிஜினல் சர்டிபிகேட்டை எங்கேயும் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

கர்ப்பம்: நாள் கணக்கு

பேறுகால விடுப்பு முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம், சம்பளத்துடன். அதற்கு, பிரசவத் தேதிக்கு முந்தைய 12 மாதத்தில் அதே நிறுவனத்தில் 80 நாள் வேலை செய்திருக்க வேண்டும். சட்டப்படியான சம்பள விடுமுறைகளும் அதில் சேரும். 1961ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருந்த இந்தக் கணக்கு, புதிய சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் அப்படியே இருக்கிறது. பிரசவத் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். பிரசவத்துக்கு முன் அதிகபட்சம் 8 வாரம்தான் விடுப்பு எடுக்கலாம். வாரம் 6 நாள் வேலை என்றால் 80 நாளுக்கு ஏறக்குறைய 14 வாரம் ஆகும்.

இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் அரசுக் காப்பீட்டில் இருப்பவர்களுக்குக் கணக்கு வேறு: முந்தைய இரண்டு பங்களிப்புக் காலங்களில் (ஒவ்வொன்றும் ஆறு மாதம்) 70 நாள் பங்களிப்பு போதும். பங்களிப்பு உங்கள் காப்பீட்டு எண்ணில் ஏறுவதால் பழைய கம்பெனியில் கட்டியதும் கணக்கில் வரும். புது இடத்தில் புதிதாக எண் போடவிடாமல் பழைய எண்ணையே கொடுங்கள். புது எண் விழுந்தால் பழைய நாட்கள் உங்கள் கணக்கில் தெரியாமல் போய்விடும்.

நேர்காணலில் கர்ப்பத்தைச் சொல்லக் கடமை இல்லை. கர்ப்பத்துக்காக ஒரு பெண்ணை ஒதுக்குவது அநியாயம், ஆனால் தனியார் கம்பெனி வேலைக்கே எடுக்காமல் விட்டால் அதைச் சட்டத்தால் பிடிப்பது கடினம். சேர்ந்த பிறகுதான் பாதுகாப்பு வலுவாகிறது. ஆஃபர் வந்த பிறகு, பிரசவத் தேதியோடும் வேலையை யாரிடம் ஒப்படைக்கலாம் என்ற யோசனையோடும் சொல்லுங்கள்.

இடைவெளி, கடன், வீட்டில் அடி

ரெஸ்யூமேயில் ஒன்றரை வருட இடைவெளி இருந்தால் அதை அடைக்கப் போலி அனுபவச் சான்றிதழ் வாங்குவதுதான் செய்யக்கூடிய மிக மோசமான காரியம். பி.எஃப். கணக்குக்கு உள்ள யூ.ஏ.என். என்ற நிரந்தர எண்ணில் எந்தக் கம்பெனியில் எந்தத் தேதி சேர்ந்து எந்தத் தேதி விலகினீர்கள் என்பது வரிசையாக இருக்கிறது. வருமான வரியின் 26ஏ.எஸ். படிவத்தில் யார் வரி பிடித்தார்கள் என்பதும் இருக்கிறது. பின்னணிச் சரிபார்ப்பில் இந்த இரண்டையும்தான் முதலில் பார்ப்பார்கள். “2023 மார்ச் முதல் 2024 ஆகஸ்ட் வரை குடும்பத்தில் உடல்நலக் காரணம். இப்போது அது முடிந்துவிட்டது” என்று ஒரு வரி போதும். பழைய கம்பெனி விலகிய தேதியைப் பதியாமல் விட்டிருந்தால் இரண்டு வேலை பார்த்தது போலத் தெரியும். சேரும் முன்பே அதைச் சரிசெய்யச் சொல்லுங்கள்.

கடன் சாதாரண வேலைக்குச் சம்பந்தமில்லாதது. வங்கி வேலைக்கு அப்படி இல்லை. அறிவிப்பிலேயே கடன் வரலாறு நிபந்தனையாக வரும். மோசமான சிபில் வரலாற்றை, அதாவது கடனைத் திருப்பிக் கட்டிய பதிவை, காரணம் காட்டி ஒரு பொதுத்துறை வங்கி பணி நியமனத்தை ரத்து செய்ததை 2025இல் சென்னை உயர் நீதிமன்றம் சரி என்றது. விண்ணப்பிக்கும் முன்பே அறிக்கையை எடுத்துப் பாருங்கள். மற்ற வேலைகளில் ஒரு எச்சரிக்கை: தவணை நிலுவை இருக்கும் அதே வங்கியில் சம்பளக் கணக்கு திறந்தால், சம்பளம் விழுந்ததும் நிலுவைக்கு எடுத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. வேறு வங்கி கேளுங்கள். வசூல்காரர்கள் ஆபீஸ் நம்பருக்கு அடிக்கக்கூடும் என்றால் ஹெச்.ஆரிடம் “தனிப்பட்ட கடன் விஷயமாக அழைப்பு வந்தால் எனக்கு மாற்ற வேண்டாம், நானே பார்த்துக்கொள்கிறேன்” என்று சொல்லிவைக்கலாம். காலை 8க்கு முன்னும் இரவு 7க்குப் பின்னும் வசூலுக்கு அழைக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி.

வீட்டில் அடி வாங்கும் பெண், தப்பித்து வந்து வேலையில் சேர்பவர், ஃபாரத்தில் ஒரு கட்டத்தைக் கவனிக்க வேண்டும்: அவசரத் தொடர்பு. பழக்கத்தில் கணவர் பெயரை எழுதிவிடுவார்கள். புது விலாசமும் ஷிப்ட் நேரமும் அந்த ஒரு போன் நம்பர் வழியாகப் போய்ச் சேரும். அக்காவையோ தோழியையோ எழுதுங்கள். சம்பளக் கணக்கு உங்கள் பெயரில் மட்டும், உங்கள் போன் எண்ணோடு இருக்கட்டும். ஹெச்.ஆரிடம் சொல்ல வேண்டியது: “நான் இங்கே வேலை செய்கிறேனா என்று யார் போனில் கேட்டாலும் உறுதி செய்யாதீர்கள்.” பாதுகாப்பு உத்தரவு இருந்தால் அதன் நகலும், அந்த ஆளின் படமும் செக்யூரிட்டியிடம் இருக்கட்டும். உடனடி உதவிக்கு 181.

சேர்ந்த பிறகு யாருக்குத் தெரிய வேண்டும்

ஹெச்.ஆருக்கும் நேர் மேலதிகாரிக்கும் தெரிந்தால் போதும். “இதை இருவருக்குள் வைத்துக்கொள்ளுங்கள்” என்று வாய்விட்டுக் கேளுங்கள். கேட்காவிட்டால் டீ இடைவேளைக்குள் தளம் முழுக்கப் பரவும்.

வலிப்பும் சர்க்கரையும் இதில் விதிவிலக்கு. பக்கத்து இருக்கைக்காரர் ஒருவருக்காவது என்ன செய்வது என்று தெரிந்திருக்க வேண்டும். வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலைக்கடியில் துணி வைத்து, நேரத்தைப் பார்க்க வேண்டும். 5 நிமிடம் தாண்டினால் 108. கையில் சாவிக்கொத்து, இரும்பு எதையும் திணிக்க வேண்டாம், வாயில் எதையும் வைக்கக் கூடாது. சர்க்கரை இறங்கினால், நினைவு இருக்கும்போது 3 டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து 15 நிமிடம் பார்க்க வேண்டும்.

கம்பெனி மெடிக்கல் இன்சூரன்ஸ் ஃபாரத்தில் நோயை மறைக்காதீர்கள். குழுக் காப்பீட்டில் பெரும்பாலும் ஏற்கெனவே உள்ள நோய்க்கும் முதல் நாளிலிருந்தே பாதுகாப்பு உண்டு, காத்திருப்புக் காலம் இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள். பெற்றோரைச் சேர்க்கக் கடைசித் தேதி ஒன்று இருக்கும், அதைத் தவறவிட்டால் ஒரு வருடம் காத்திருக்க வேண்டியிருக்கும்.

சொன்னதால் ஆஃபரைத் திரும்பப் பெற்றால்

முதலில் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். “ஆஃபர் ரத்தானதற்கான காரணத்தை மெயிலில் தெரிவிக்கவும்” என்ற ஒரு வரி போதும். பதில் வராவிட்டாலும் நீங்கள் கேட்டது பதிவாகிவிடும். மாற்றுத்திறனாளி என்றால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரிடமும் மாநில ஆணையரிடமும் புகார் கொடுக்கலாம். பெண்கள், பட்டியல் சாதி மற்றும் பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள் ஆகியோருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. எண் 15100, அல்லது மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே உள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகம். போகும்போது ஆஃபர் லெட்டர், நீங்கள் அனுப்பிய மெயில், அவர்கள் பதில், போன் அழைப்புகளின் தேதியும் நேரமும், பழைய வேலையை ராஜினாமா செய்திருந்தால் அந்தக் கடிதம், எல்லாவற்றையும் தேதி வரிசையில் அடுக்கி இரண்டு நகல் எடுத்துச் செல்லுங்கள்.